நேருக்கு நேர் இரண்டு கதவுகள்

திருப்பூரிலிருந்து பல்லடம் போகிற சாலையில், சாயப்பட்டறைகளைத் தாண்டி, சோளக்காட்டை அளந்து கல் நட்டு வெள்ளையடித்து உண்டாக்கிய சூரியகாந்தி நகரில், தெற்கு பார்த்த நான்காவது வீட்டுக்கு, வாணி செத்து முப்பதாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் சாயந்தரம் ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, வாணி வந்தாள்.

கேட்டின் கொக்கியை இடது கையால் தூக்கிவிட்டு, செருப்பைக் கழற்றி, எப்போதும்போல ஒன்றை நேராகவும் ஒன்றைக் கோணலாகவும் விட்டு, தோளில் மாட்டிய பையை இறக்காமலே ஹாலைக் கடந்து, சாப்பாட்டு மேஜையைக் கடந்து, சமையலறையை ஒட்டிய நடையைக் கடந்து, பொடக்காலிக் கதவைத் திறந்துகொண்டு கொல்லைப் பக்கம் போனாள். துவைக்கிற கல்லும் ஒரு கொய்யாமரமும் எட்டடி உயரச் சுவரும் தவிர வேறெதுவும் இல்லாத அந்தப் பொடக்காலிக்கு அவளுடைய அம்மா துளசிமணி ஓடிப்போய்ப் பார்த்தபோது அங்கே யாரும் இல்லை. பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா நல்லதம்பி, "துளசி, பாப்பா வந்துட்டுப் போவுது பாரு" என்று சொல்லிவிட்டு, சொன்னது என்னவென்று உறைத்த பிறகுதான் பேப்பரைக் கீழே போட்டார். வாசலிலிருந்து பொடக்காலிவரை பதினான்கு காலடி. அவ்வளவுதான் அவள் வந்திருந்த நேரம்.

பனியன் கம்பெனி வேனும் தண்ணீர் லாரியும் மோதிக்கொண்டதில் போனவள் அவள், இருபத்திரண்டு வயது. எரித்த சாம்பலைப் பவானி கூடுதுறையில் கரைத்தவர்கள் இதே தாயும் தகப்பனும்தான். ஆனாலும் மறுநாளும் ஆறு பத்துக்குக் கேட் சத்தம் கேட்டது. துளசிமணி வாசற்படியிலேயே நின்று மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். உடம்பு கதகதவென்றிருந்தது, வேர்வை வாசம் அடித்தது, தலைமுடியில் பனியன் துணிப் பஞ்சு ஒட்டியிருந்தது. வாணி உதறவில்லை. பஸ் கிளம்பப் போகிற நேரத்தில் சொந்தக்காரர் பிடித்துக்கொண்டால் மரியாதைக்கு நிற்போமே, அப்படி நின்றாள், கண் மட்டும் பொடக்காலிக் கதவின் மேலேயே இருந்தது. பிடித்த பிடி விடாமல் இருக்க இருக்க அந்தக் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் இறங்கியது. எதை வேண்டுமானாலும் தாங்குவாள் துளசிமணி, பிள்ளை அழுவதை மட்டும் தாங்கமாட்டாள். கையை எடுத்தாள், பிள்ளை போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் பிடிக்கவே இல்லை.

சூரியகாந்தி நகர்க்காரர்கள் இதற்கெல்லாம் அசந்து நிற்கிற ஆட்களா என்ன. முதல் வாரம் கேட்டுக்கு வெளியே கூட்டம் கூடியது, இரண்டாம் வாரம் பாதியானது, மூன்றாம் வாரம் ஆறு பத்து என்பது அந்தத் தெருவில் பால்காரர் வருகிற நேரத்தைப்போல இன்னொரு நேரமாகிவிட்டது. குக்கர் வைத்தவர்கள் "வாணி வர்றதுக்குள்ள மூணு விசில் வந்துரோணும்" என்றார்கள். ரோட்டில் கிரிக்கெட் ஆடுகிற பிள்ளைகள் அவள் கேட்டைத் தாண்டும்வரை பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றன. பூக்காரப் பாப்பாத்தி ஒரு முழம் முல்லையைக் கேட்டில் செருகிவிட்டுப் போக, வாணி அதை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைய ஆரம்பித்தாள். ரேஷன் கடைக்காரர் மட்டும் பேரை அட்டையில் வைத்திருப்பதா எடுப்பதா என்று ஒரு மாதம் குழம்பிவிட்டு, தினமும் வீட்டுக்கு வருகிற பிள்ளையின் பேரை எப்படி அடிப்பது என்று விட்டுவிட்டார்.

எல்லாருக்கும் அது பழகிவிட்டது, பெற்றவளுக்கு மட்டும் பழகவில்லை. பதினான்கு காலடி என்றால் எவ்வளவு நேரம்? ஒரு டம்ளர் தண்ணீர் மோந்து கொடுப்பதற்குள் முடிந்துவிடுகிற நேரம். காலையில் எழுந்ததிலிருந்து அந்தப் பதினான்கு காலடிக்காகவே அவள் மூச்சு விட்டாள், அது முடிந்த மறுகணத்திலிருந்து அடுத்த நாளைய பதினான்குக்காக விட்டாள். கொஞ்சம் இருந்துவிட்டுப் போகக் கூடாதா, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு. அவள் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

அப்போதுதான் லிங்கேசன் வந்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வண்ண மீன் கடை வைத்திருந்து, மீன் தொட்டியை வீட்டில் எந்த மூலையில் வைப்பது என்று கேட்டுக் கேட்டுப் போனவர்களுக்குப் பதில் சொல்வதற்காகவே ஃபெங் சூயி படிக்கத் தொடங்கி, கடைசியில் மீனைவிட மூலையே நன்றாக ஓடுகிறது என்று கண்டுகொண்டவன். பெட்டிபோன்ற ஒரு திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான், நடுஹாலில் நின்றான், பொடக்காலியில் நின்றான். பிறகு ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தான்.

"ஃபெங் சூயின்னா ஒண்ணுமில்லீங்கம்மா, காத்தும் தண்ணியும்னு அர்த்தம். வீட்டுக்குள்ள வர்ற நல்லது காத்து மாதிரி வரும், தண்ணி மாதிரி ஓடும். உங்க வீட்டுல வாசக் கதவும் பொடக்காலிக் கதவும் நேருக்கு நேரா இருக்குதுங்க. வந்தது தங்காது. வந்த வேகத்துல நேராப் போயிரும்."

இத்தனை மாதத்தில் தன் மகள் ஏன் வருகிறாள் என்று ஜோசியரும் பூசாரியும் சொன்னதை எல்லாம் காதில் வாங்காமல் விட்ட துளசிமணி, அவள் ஏன் தங்கவில்லை என்று சொன்ன முதல் ஆளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"தங்க வெக்க என்ன பண்றதுங்க?"

"நேராப் போற வழிய வளைக்கோணுமுங்க. வளைஞ்சு வளைஞ்சு போனா மெதுவாப் போகும். மெதுவாப் போறது எங்கியாச்சும் நிக்கும்."

மறுநாளே மூங்கில் தட்டி ஒன்று ஹாலுக்கு நடுவே வந்தது. வாணி வந்தாள், தட்டியின் முன்னால் தயங்கினாள், சுற்றிக்கொண்டு போனாள். பத்தொன்பது காலடி. துளசிமணி அன்றைக்கு மூன்று மாதத்தில் முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டாள். அடுத்த வாரம் சோபாவைக் குறுக்கே திருப்பினார்கள், இருபத்தாறு ஆனது. சதுர மேஜை போய் வட்ட மேஜை வந்தது, அதன் மேல் கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு தங்கமீன் வந்தது, வாணி குனிந்து மீனைப் பார்த்துக்கொண்டு நின்றாள், கிண்ணத்தின் மேல் விரலை வைத்து மீன் போகிற பக்கமெல்லாம் நகர்த்தினாள். பொடக்காலிக் கதவின் தலைமேல் காற்றில் ஆடுகிற வெண்கலக் குழாய் மணி வந்தது, வாணி கையை உயர்த்தி அதைத் தட்டினாள், அது கிணுகிணுத்தது, அவள் சிரித்தாள். நல்லதம்பி செல்போனில் நேரம் பார்த்தார். நாலு நிமிஷம்.

"நாலு நிமிசமுங்க" என்று துளசிமணி பக்கத்து வீட்டுச் சம்பூர்ணத்திடம் போய்ச் சொன்னாள். "நாலு நிமிசம் எங்கூட இருந்துச்சுங்க்கா."

சும்மா இருக்குமா தெரு? ஒரு மாதத்தில் சூரியகாந்தி நகரில் தட்டி இல்லாத ஹால் இல்லை, மணி தொங்காத நிலை இல்லை. மூன்று கால் தவளையும் குபீரென்று சிரிக்கிற தொந்திப் பொம்மையும் வீட்டுக்கு வீடு வந்தன. வாசலில் மாட்டிய எட்டுமூலைக் கண்ணாடியில் பட்டுத் திரும்புகிற கெட்டது எதிர் வீட்டுக்குப் போகிறதா இல்லையா என்று இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டன. எல்லார் வீட்டிலும் யாரோ ஒருவர் செத்துப்போயிருந்தார்கள், எல்லாரும் ஒரு நாற்காலியை வாசல் பார்த்துப் போட்டுவைத்தார்கள். கடைசி வீட்டு அய்யாசாமி, பெண்டாட்டி போய் ஒன்பது வருஷம் ஆனவர், ஆறு மணிக்குக் குளித்து வேட்டி மாற்றித் திறந்த கதவுக்கு நேரே தினமும் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுக்கு யாரும் வரவில்லை. அதைப் பற்றி யாரும் அவரிடம் கேட்கவும் இல்லை.

நாலு நிமிஷம் கிடைத்தவளுக்கு நாள் பூராவும் வேண்டுமென்று தோன்றியது. அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நீங்களும் சொல்லமாட்டீர்கள். லிங்கேசன் மறுபடி வந்து திசைகாட்டியைப் பார்த்துவிட்டு, தட்டியும் மணியும் தைலம் தேய்க்கிற மாதிரித்தான், முழுசாகக் குணமாக வேண்டுமென்றால் வாசலையே தெற்கிலிருந்து கிழக்குக்கு மாற்ற வேண்டும் என்றான். கிழக்கு வாசலில் நுழைந்தால் பொடக்காலிக் கதவு கண்ணிலேயே படாது. "போற வழி தெரியாட்டி புள்ள இங்கயே இருந்துக்குமுங்க" என்றான். அவனும் நம்பித்தான் சொன்னான்.

அன்றைக்கு நல்லதம்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வாசல மாத்துனா பாப்பாவுக்கு அடையாளம் தெரியுமா, துளசி?"

"வளர்ந்த ஊடு தெரியாமப் போயிருமாக்கும்" என்று துளசிமணி சொன்னாள். சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

கிழக்குச் சுவரை இடித்து நிலை வைத்தார்கள், சந்துப் பக்கம் ஒரு புதுக் கேட்டும் வைத்தார்கள். அத்தனை நாளும் வாணி மணலையும் ஜல்லியையும் தாண்டித் தாண்டிப் பழைய வாசல் வழியாகவே வந்துபோனாள். கடைசி நாள் மத்தியானம் பழைய நிலையைப் பெயர்த்தெடுத்து, அந்த இடத்தில் செங்கல் வைத்துக் கட்டி, சாயந்தரம் நாலு மணிக்குப் பூச்சையும் முடித்துவிட்டுக் கொத்தனார் கையைக் கழுவினார். துளசிமணி புது வாசலில் கோலம் போட்டு, செவ்வந்தி மாலை கட்டி, தட்டத்தில் வாணிக்குப் பிடித்த தேங்காய்ப் பாலாப்பம் வைத்துக்கொண்டு நின்றாள்.

ஆறு பத்துக்குத் தெற்குக் கேட்டின் கொக்கி சத்தம் கேட்டது. வாணி வந்தாள். செருப்பைக் கழற்றினாள், ஒன்று நேராக, ஒன்று கோணலாக. நிமிர்ந்தாள். எதிரே ஈரச் சுவர். காலிங் பெல் இருந்த இடத்துக்குக் கை போயிற்று, அங்கே பெல் இல்லை, விரல் பூச்சில் பதிந்தது. பிறகு செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு, கேட்டைச் சாத்தி, பக்கத்து வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

பக்கத்து வீட்டுக்குத்தான் போவாள், வேறெங்கே போவாள்? துளசிமணி பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், வீட்டுக்கு ஒரே சாவி இருந்த காலத்தில், மூன்றாம் வகுப்புப் படித்த மகளிடம் தினமும் தலை பின்னும்போது சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்ய வைத்த வாக்கியம் அது. ஊடு பூட்டியிருந்தா சம்பூர்ணம் பெரீம்மா ஊட்டுல போயி உக்காரோணும். அம்மா வந்து கூப்புடறவரைக்கும் எங்கயும் போகக் கூடாது. வாணி எந்தக் காலத்திலும் சொன்ன பேச்சை மீறாத பிள்ளை.

சம்பூர்ணம் விதவை, கம்பெனிகளிலிருந்து மூட்டை மூட்டையாகப் பனியன் எடுத்துவந்து, தைத்த இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற நூல் பிசிறை வீட்டிலிருந்தே வெட்டிக் கொடுப்பவள். அவள் ஹாலில் ஜன்னலோரம் ஒரு இரும்பு நாற்காலி உண்டு, மூன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை வாணி காத்திருந்த நாற்காலி. அதில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை.

"கூப்புடு துளசி" என்றார் நல்லதம்பி. இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த சுவரில் காற்றுக்காக வைத்த ஓட்டைக் கற்கள் வழியாக அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கூப்புட்டாத்தான வரும்?"

துளசிமணி அவர் வாயைப் பொத்தினாள். "கூப்புட்டா வந்துரும்" என்றாள் மெதுவாக. "வந்தா, போயிரும்."

அவருக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று, பிள்ளை உட்கார்ந்திருந்தது. விடிந்தது, உட்கார்ந்திருந்தது. பதினான்கு காலடியும் இல்லை, நாலு நிமிஷமும் இல்லை, நாள் பூராவும். அம்மா வந்து கூப்பிடும்வரை எங்கேயும் போகாத பிள்ளை, அம்மா வராதவரைக்கும் அங்கேதான் இருக்கும். லிங்கேசன் வந்து ஓட்டைக் கல் வழியாகப் பார்த்துவிட்டு, "நான் படிச்சதுல இது இல்லீங்கம்மா" என்று சொல்லித் திசைகாட்டியைப் பையில் போட்டுக்கொண்டு போனவன் பிறகு மீன் மட்டும் விற்றான்.

இப்படித்தான் துளசிமணி தன் வீட்டில் இல்லாதவளானாள். தெற்குக் கேட்டுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டார்கள். அம்மாவின் காலடி பிள்ளைக்குத் தெரியும் என்பதால் செருப்பையும் மெட்டியையும் கழற்றி வைத்தாள். அம்மாவின் இருமல் தெரியும் என்பதால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இருமினாள். குக்கர் வைப்பதில்லை, விளக்குப் போடுவதில்லை, சொந்த வீட்டில் திருடியைப்போலப் பூனை நடை நடந்தாள். தெருவும் கூடச் சேர்ந்துகொண்டது. பால்காரர் கிழக்குச் சந்தில் வந்து வாயைத் திறக்காமல் பால் ஊற்றினார். கேஸ் வண்டிக்காரர் ஹாரனை அடிக்காமல் தள்ளிக்கொண்டு போனார். பாப்பாத்தி முல்லையைச் சம்பூர்ணம் வீட்டு ஜன்னலில் செருகிவிட்டு, "துளசியக்கா இன்னும் கம்பெனியில இருந்து வரலீங்களா?" என்று பிள்ளைக்குக் கேட்கும்படி சத்தமாகக் கேட்டுவிட்டுப் போனாள். ஒரு தெருவே ஒரு பிள்ளையிடம் பொய் சொன்னது, நல்ல மனசோடு சொன்னது.

தினமும் சம்பூர்ணம் ஓட்டைக் கல்லுக்கு வந்து சேதி சொல்வாள். "இன்னிக்கி கத்திரிய எடுத்து எங்கூடச் சேர்ந்து பிசிறு வெட்டுச்சு, துளசி. என்னைய விடச் சுத்தமா வெட்டுது." இன்னொரு நாள், "சீரியல் பாத்துட்டு லேசாச் சிரிச்சுச்சு." துளசிமணி இந்தப் பக்கம் கல்லில் கன்னத்தை வைத்து, ஜன்னலில் தெரிகிற பாதிச் சடையையும் ஒரு தோளையும் பார்த்துக்கொண்டே கேட்பாள். தொட முடியாது, கூப்பிட முடியாது, ஆனாலும் இருக்கிறது. இருக்கிறது என்பதைவிட ஒரு தாய்க்கு வேறென்ன வேண்டும் என்று இரண்டு மாதம் நினைத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சம்பூர்ணம் ஓட்டைக் கல்லுக்கு வராமல் கிழக்குச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு நேராக வீட்டுக்குள் வந்தாள். வந்து தரையில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டன் துளசி. புள்ள பேசுது."

"பேசுதா?" துளசிமணி சத்தமாகக் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "என்னங்க்கா பேசுது?"

"முத நாள்ல இருந்து பேசுது. ஒரே பேச்சுத்தான். பொழுது சாயறப்ப என்னையப் பாத்து, 'பெரீம்மா, அம்மா இன்னும் வரலீங்களா'ன்னு கேக்கும். நானும் 'வந்துருவா கண்ணு, வேலை சாஸ்தி'ம்பேன். ரோட்டுல எவ நடந்தாலும் வாசலத் திரும்பிப் பாக்கும். அவ நீயில்லீன்னு தெரிஞ்சதும் மறுக்கா குனிஞ்சுக்கும். உங்கிட்ட எப்படிச் சொல்றது? இருக்குதுன்னு நெனச்சே நீ உசுரோட இருக்கறே."

"இப்ப எதுக்குங்க்கா சொல்றீங்க?"

சம்பூர்ணம் சேலைத் தலைப்பை முறுக்கினாள். "நேத்துப் பொழுது சாஞ்சப்ப அது கேக்கல, துளசி. ரோட்டுல ஆள் போனப்பத் திரும்பியும் பாக்கல. அதான் வந்தேன்."

துளசிமணி அழவில்லை. புருஷனைப் பார்த்து, "ஏனுங்க, செவுத்த இடிங்க" என்றாள். நல்லதம்பி கடப்பாரையை எடுத்துக்கொண்டு, ஆள் வைக்காமல், அறுபது வயது உடம்பில் வேர்வை வழிய, இரண்டு மாதச் சுவரைத் தனியாக இடித்தார். கடப்பாரை போடுகிற ஒவ்வொரு போடுக்கும் "அடையாளம் தெரியுமான்னு கேட்டனே, கேட்டனே" என்று அவர் வாய் முனகிக்கொண்டே இருந்தது, அது அவளுக்குக் கேட்டது. மூங்கில் தட்டியைக் கழற்றினாள். சோபாவைச் சுவரோடு தள்ளினாள். மீனைக் கொண்டுபோய் அய்யாசாமி வீட்டில் கொடுத்தாள். மணியை அவிழ்த்தாள். தெற்குக் கேட்டின் பூட்டைத் திறந்தாள். வாசலிலிருந்து பொடக்காலிவரை பழையபடி ஒரே நேராகக் கிடந்தது வீடு.

பிறகு பரணிலிருந்து பழைய டிபன் கேரியரை இறக்கிக் கழுவி எடுத்துக்கொண்டாள். மெட்டியைப் போட்டாள், செருப்பை மாட்டினாள். ஆறு பத்துக்கு, கம்பெனி விட்டு வருகிறவளாக, சம்பூர்ணம் வீட்டுக் கேட்டைச் சத்தம் வரத் திறந்தாள்.

செருப்புச் சத்தத்திலேயே நாற்காலி நகர்கிற ஓசை கேட்டது. வாணி எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"வா சாமி" என்றாள் துளசிமணி. "அம்மா வந்துட்டேன்."

"ஏம்மா இத்தன நேரம்?"

"வேலை சாஸ்தியாயிருச்சு கண்ணு. இனிமே ஆகாது."

வாணி பையை மாட்டிக்கொண்டாள். மூன்றாம் வகுப்பில் செய்வதுபோலவே அம்மாவின் கையிலிருந்து டிபன் கேரியரை வாங்கிக்கொண்டாள், மறு கையால் அம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் பந்து நின்றது. பாப்பாத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். நிலையும் கதவும் இல்லாத, ஓரமெல்லாம் செங்கல் பிதுங்கிய அந்தப் பழைய வாசலின் முன்னால் வாணி செருப்பைக் கழற்றினாள். துளசிமணி குனிந்து கோணலாகக் கிடந்த ஒன்றை நேராக வைக்கப் போய், வேண்டாமென்று விட்டுவிட்டாள்.

இந்தத் தடவை அவள் எண்ணவில்லை. மகளின் நடைக்குச் சமமாக நடந்தாள், ஹாலைக் கடந்தாள், நல்லதம்பி கடப்பாரையோடு சுவரில் சாய்ந்து நிற்பதைக் கடந்தாள், வாணி அப்பாவின் புழுதிக் கையை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனாள். நடையைக் கடந்தார்கள். பொடக்காலிக் கதவின் தாழை வாணி எட்டுவதற்கு முன்னால் துளசிமணியே நீக்கினாள், கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள். கேரியர் அவள் கைக்குத் திரும்பி வந்தது. சுண்டுவிரலில் இருந்த பிடி விட்டது. கொய்யாமரத்தின் ஓர் இலை ஆடி நின்றது, அவ்வளவுதான்.

மறுநாள் ஆறு பத்துக்குப் பிள்ளைகள் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றன. கேட் அசையவில்லை. ஆறேகால் ஆயிற்று, ஆறரை ஆயிற்று, ஒரு பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டே பந்தை உருட்டியது, ஆட்டம் மெதுவாகத் தொடங்கியது.

ஏழு மணி வாக்கில் சம்பூர்ணம் பனியன் மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது துளசிமணி உள்ளே வந்தாள். ஜன்னலோரத்து இரும்பு நாற்காலியில், கேரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்ன துளசி, இந்நேரத்துக்கு?"

பக்கத்து வீட்டில் தெற்கே கதவே இல்லாத வாசலும், கிழக்கே புதுக் கதவும், பின்னால் பொடக்காலிக் கதவும், மூன்றும் விரியத் திறந்து கிடந்தன. விளக்குக்கூட எரிந்துகொண்டிருந்தது.

"ஊடு பூட்டியிருக்குதுங்க்கா" என்றாள் துளசிமணி. "வாணி வந்து கூப்புடறவரைக்கும் இங்கயே உக்காந்துக்கறேன்."

சம்பூர்ணம் எழுந்துபோய் ஒரு கத்திரியை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தாள். இருவரும் பிசிறு வெட்டத் தொடங்கினார்கள். ரோட்டில் யாரோ நடந்து போகிற சத்தம் கேட்டது. துளசிமணி வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.